பறவை எங்கே வாழ்கிறது? பரவல் வரைபடம் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரினப் பரவலைக் கணிக்கப் புதிதாக வருபவர்களின் முதல் வரைபடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நீலகிரி நெட்டைக்காலியை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளை நம்பி வாழும் பழுப்புப் பறவை. உயிரினங்கள் பார்க்கப்பட்ட இடங்களைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து பதிவுகளை இறக்கி, வேர்ல்ட்கிளிம் என்ற தட்பவெப்பத் தரவுத்தொகுப்பு தரும் 19 அடுக்குகளை (வெப்பம், மழை போன்றவற்றின் வரைபடங்களை) சேர்த்து, பரவலைக் கணிக்கும் மேக்ஸென்ட் மென்பொருளில் ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் வண்ண வரைபடம் வந்துவிடும்: பறவைக்கு ஏற்ற இடம் சிவப்பு, ஏற்காத இடம் நீலம். பறவை இருக்கும் இடத்தை மற்ற இடத்திலிருந்து எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதற்கான மதிப்பெண்ணான ஏயூசி (1 என்றால் முழுமை) 0.97 என்று காட்டும். அதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆள்கூறு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்) பூஜ்யமாக இருக்கிறதா, ஒரே பதிவு இரண்டு முறை வந்திருக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். அதற்கு மேல் உள்ளவைதான் இங்கே.

பறவையைக் கணிக்கிறோமா, பார்வையாளரையா?

அந்த வரைபடத்தின் சிவப்புப் பகுதிகளை உற்றுப் பாருங்கள். ஊட்டியைச் சுற்றி, பைக்காரா சாலையோரம், கொடைக்கானல் சுற்றுலா இடங்களில் சிவப்பு அடர்ந்திருக்கும். வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, எதிரே தெரியும் புல்வெளியைத் தொலைநோக்கியில் பார்த்துப் பதிவு போட்ட இடங்கள் அவை. அனுமதி வாங்கி நாள் முழுக்க நடந்தால்தான் போய்ச் சேர முடிகிற புல்வெளிகளில் பதிவு சொற்பம். மென்பொருள் உருவாக்கும் கணிப்பு மாதிரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சாலையோரத்துத் தட்பவெப்பத்தைப் பறவைக்குப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும்.

எண்ணிக்கையும் ஏமாற்றும். 300 பதிவுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் 1 கி.மீ. கட்டங்கள் 12-க்குள் அடங்கிவிடுகின்றன என்றால், உங்களிடம் இருப்பது 12 தரவுதான்.

0.97 எப்படி வந்தது? மேக்ஸென்ட் பதிவுகளோடு ஒப்பிடுவதற்காக, ஆய்வு எல்லைக்குள்ளிருந்து இயல்பாக 10,000 பின்னணிப் புள்ளிகளை எடுக்கும். இந்தியா முழுவதையும் ஆய்வு எல்லையாக வைத்தால் அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தான், கங்கைச் சமவெளி போன்று இந்த மலைகளோடு சம்பந்தமில்லாத இடங்களில்தான் விழும். ஊட்டியை ஜெய்சல்மேரிலிருந்து பிரித்துக் காட்ட மாதிரியே தேவையில்லை. எல்லையை விரிக்க விரிக்க ஏயூசி ஏறும், பறவையைப் பற்றிய அறிவு ஏறாது.

எரிச்சலாக இருப்பது இதன் விளைவு. வரைபடத்தைப் பார்த்துப் புல்வெளி மீட்புக்கு இடம் தேர்ந்தால், பணம் சாலையோரத்துக்குப் போகிறது. யாரும் போகாத நல்ல புல்வெளி வெளிர்நீலத்தில் கிடக்கிறது. அந்த இடத்தில் சீகை மரம் (வாட்டில் என்ற அயல் மரம்) ஏறிக்கொண்டே வந்தாலும் கேட்க ஆளில்லை. ஏறிய சீகையைத் திரும்ப அகற்றுவது பெரும்பாடு.

சரிசெய்வது கடினமில்லை. முதலில் ஆய்வு எல்லையை நீலகிரி, ஆனைமலை, பழனி மலைத்தொகுதிகளுக்கும் அவற்றை ஒட்டிய சரிவுகளுக்கும் சுருக்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பதிவு மட்டும் வையுங்கள். பின்னணிப் புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் எடுக்காமல், அதே பகுதியில் *எந்தப் பறவைக்காகவாவது* இ-பேர்டில் (பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பட்டியலிடும் தளத்தில்) பட்டியல் போடப்பட்ட இடங்களிலிருந்து எடுங்கள். சாலையோரத்தையே அதிகம் பார்க்கும் பக்கச்சார்பு பதிவுகளிலும் பின்னணிப் புள்ளிகளிலும் சமமாக இருப்பதால் பெரும்பகுதி கழிந்துவிடும். முழுமையான பட்டியல்களையே (கண்ட பறவைகள் எல்லாவற்றையும் எழுதியவற்றையே) பயன்படுத்துங்கள். 5 மணி நேரம், 5 கி.மீ., 10 பேர் ஆகியவற்றைத் தாண்டியவற்றை விலக்குவது நல்ல தொடக்கம்.

சோதனைக்கும், 70 சதவீதப் பதிவுகள் பயிற்சிக்கு, 30 சதவீதம் சோதனைக்கு என்று சீட்டுக் குலுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரு பக்கமும் பிரிந்தால், கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வெழுதுவது போலத்தான். நீலகிரியிலும் பழனியிலும் பயிற்சி கொடுத்து, ஆனைமலையில் சோதியுங்கள். ஏயூசி இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உண்மைக்கு அருகில் இருப்பது.

கடைசியாக ஒரு சோதனை: சாலையிலிருந்து தூரம் என்ற ஒரே அடுக்கை மட்டும் வைத்து மாதிரியை ஓட்டுங்கள். அதுவே முழு மாதிரி அளவுக்குக் கணித்தால், இன்னும் பார்வையாளரைத்தான் கணிக்கிறீர்கள்.

10°14' என்பது 10.14 அல்ல

10.233. நிமிடத்தை 60-ஆல் வகுத்து மாற்றாமல் எழுதினால் கொடைக்கானல் பதிவு சுமார் 10 கி.மீ. தெற்கே நழுவி மலைச்சரிவில் விழும். 1,000 மீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி கூடும். உச்சிப் பறவை அடிவாரப் பறவையாகிவிடும்.

தட்பவெப்பத்தோடு நிறுத்துவது

புல்வெளியில் சீகையும் பைனும் ஏறிய பிறகும் வேர்ல்ட்கிளிம் எண்கள் அப்படியேதான் இருக்கும். அவை 1970–2000 சராசரி. 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலப்பரப்பை வகைப்படுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் புல்வெளி எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். எது பெரும்பான்மையோ அதைக் கட்டத்தின் பெயராக வைத்தால், மிஞ்சியிருக்கும் சிறு புல்வெளித் துண்டுகள் காணாமல் போகும்.

கணிப்பு மதிப்பு 0.5-ஐத் தாண்டினால் பறவை உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று எல்லைக்கோடு வைப்பது

வேண்டாம்.

பார்க்கவில்லை என்பதால் இல்லை என்பது

இருக்கும் இடத்திலேயே ஒரு நடையில் கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்றால், மூன்று முறை போயும் தவறவிடும் வாய்ப்பு 0.34. இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 9 முறை போக வேண்டும். ஒரே முறை போய் '0' என்று எழுதிய தாளை வைத்து, ஒரு மலையிலிருந்து பறவை அழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பதிவு கூடியதைப் பறவை கூடியதாக எண்ணுவது

முன்பு 40 பட்டியல்களில் 20-இல் இருந்த பறவை, இப்போது 400 பட்டியல்களில் 100-இல் இருக்கிறது. பதிவு ஐந்து மடங்கு ஆனது, பதிவாகும் விகிதம் 50-இலிருந்து 25 சதவீதமாக விழுந்தது. 942 பறவையினங்களை மதிப்பிட்ட 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையும் இந்த விகிதத்தைத்தான் அடிப்படையாகக் கொண்டது. அதிலும் பட்டியலின் நீளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்: 15 நிமிடப் பட்டியலும் மூன்று மணி நேரப் பட்டியலும் ஒன்றல்ல. முன்பு புல்வெளிக்குப் போனவர்கள் இப்போது நகரத் தோட்டத்திலேயே பட்டியல் போட்டால், பறவை குறையாமலே கோடு இறங்கும். இரண்டு காலத்திலும் பட்டியல் உள்ள கட்டங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.