கரண்ட் பில் தப்பாக வந்தால் யாருக்கு, எப்படி எழுதுவது

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதில் 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. 2022 செப்டம்பர் வீதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 ஆனால் 2,030. கூடுதல் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! வரப்பைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25 போய் 4.50 வந்துவிடும், அதுதான் முக்கியக் காரணம். வீதங்கள் பிறகு ஏறிவிட்டன, வரப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே பில்லைப் பார்த்ததும் முதலில் தேதியைப் பாருங்கள்: போன ரீடிங்கிலிருந்து 60 நாளா, 75 நாளா? தாமதமாக எடுத்த ரீடிங்கே ஸ்லாபை, அதாவது யூனிட் அளவுக்கேற்ப வீதம் மாறும் படியை, தாண்ட வைத்திருக்கலாம். 'டோர் லாக்' என்று விட்டுவிட்டு அடுத்த முறை மொத்தமாக எடுத்திருந்தால், நான்கு மாத நுகர்வை இரண்டு இருமாதமாகப் பிரித்து ஸ்லாப் போடச் சொல்லிக் கேளுங்கள். 2020 ஊரடங்கில் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

தேதி சரியாக இருந்தால் மீட்டருக்கு வாருங்கள். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் வாட்டர் ஹீட்டர் காயிலை மட்டும் தண்ணீரில் போட்டு ஓடவிடுங்கள். சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 53 முறை சிமிட்ட வேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். 80, 90 என்று போனால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அயர்ன் பாக்ஸ் வேண்டாம், தெர்மோஸ்டாட் நடுவில் அணைத்துவிடும். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால் மெயினையும் அணைத்துப் பாருங்கள். அப்போது நின்றால் கோளாறு வீட்டு ஒயரிங்கில். அதற்கு எலக்ட்ரீஷியன்தான், புகார் எழுதிப் பயனில்லை.

மீட்டர் மேல் சந்தேகம் உறுதியானால், கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லி உங்கள் பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு எழுதுங்கள். மீட்டரைக் கழற்றும் நாளில் கடைசி ரீடிங்கைப் போட்டோ எடுத்து, எழுதியும் கையெழுத்து வாங்குங்கள். இதை விட்டவர்கள்தான் பின்னால் வாதாட முடியாமல் நிற்கிறார்கள். பழுதான மீட்டரின் காலத்துக்கு, அதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரிதான் மின் வழங்கல் விதித்தொகுப்பு சொல்லும் அளவு. 'உத்தேசமாகப் போட்டோம்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். சர்வீஸ் நம்பர், பில் தேதி, நீங்கள் போட்ட கணக்கு, கேட்கும் தொகை எல்லாம் ஒரே பக்கத்தில். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1)-ன்படி 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு தராமல் துண்டிக்கக் கூடாது. கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. ஒன்றும் கட்டாமல் சண்டை போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பழைய பாக்கி என்று திடீரென்று நீட்டினால் 56(2)-ஐப் பாருங்கள்: தொகை முதலில் செலுத்த வேண்டியதாகி இரண்டு ஆண்டு கடந்து, இடையில் தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்படாமலும் இருந்தால், அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது.

பதில் வரவில்லையென்றால், உங்கள் பகிர்மான வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 42(5) கட்டாயமாக்கியது இது. வக்கீல் தேவையில்லை. தலைமை வகிப்பவர் அதே துறைப் பொறியாளர்தானே என்று சலித்துக்கொள்ளலாம், நியாயமான சலிப்புதான். ஆனால் இந்தப் படியைத் தாண்டாமல் அடுத்த கதவு திறக்காது. மன்றத்தின் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள், சென்னை கிண்டியில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) மேல்முறையீடு செய்யலாம். அவர் மின் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்ல, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தால் நியமிக்கப்படுபவர்.

மின் திருட்டு (பிரிவு 135), முறையற்ற பயன்பாடு (பிரிவு 126) என்று நோட்டீஸ் வந்திருந்தால் மட்டும் இந்த வழி பொருந்தாது. 126-ன் இறுதி உத்தரவுக்கு, பிரிவு 127-ன்படி 30 நாளுக்குள் தனி மேல்முறையீடு. மதிப்பிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும்.