சென்ட்ரல் லாக்கோடு கார் அலாரம் இணைப்பு: முதலில் அளந்து பாருங்கள்

அலாரத்தோடு வரும் வரைபடத்தில் லாக்குக்கான ஆறு வயர்கள் இருக்கும். உள்ளே இரண்டு ரிலே (சிறு கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்). ஒன்று பூட்ட, ஒன்று திறக்க. ஒவ்வொன்றுக்கும் காமன் (பொது முனை), என்.ஓ. (ரிலே சும்மா இருக்கும்போது காமனோடு சேராதது), என்.சி. (சும்மா இருக்கும்போது காமனோடு சேர்ந்திருப்பது) என மூன்று வயர்கள். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். குழப்பம் காரின் பக்கம்தான் இருக்கிறது. லாக் எந்த வகை என்று தெரியாமல் 12 வோல்ட் கொடுத்தால், ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். ரிலே முனை ஒட்டிக்கொள்ளலாம், காரின் கன்ட்ரோல் யூனிட்டே கருகலாம்.

டெஸ்ட் பல்பு வேண்டாம், அது இழுக்கும் கரண்ட்டை மின்னணு யூனிட் தாங்காது. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் கொடுங்கள். டிரைவர் கதவிலிருந்து ரப்பர் குழாய் வழியாக வரும் வயர்கள், காலடியில் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் கிடைக்கும். மஞ்சள் சாக்கெட் போட்ட வயர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதன் பக்கமே போகாதீர்கள்.

சிவப்பு முனையை ஒவ்வொரு வயரிலும் வைத்து, லாக் பட்டனை அழுத்தியும் விட்டும் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 அல்லது 5 வோல்ட் காட்டி, அழுத்தியதும் 0-க்கு இறங்கினால் அது நெகட்டிவ் டிரிகர், அதாவது வயரைக் கிரவுண்டில் (காரின் பாடியில்) சேர்த்தால் லாக் வேலை செய்யும் வகை. இது சுலபம்: இரண்டு காமன் வயர்களையும் காரின் லாக், அன்லாக் வயர்களில் சேர்த்து, இரண்டு என்.ஓ. வயர்களையும் கிரவுண்டுக்குக் கொடுங்கள். என்.சி. வயர்களைத் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிடலாம்.

சும்மா இருக்கும்போது 0, அழுத்தினால் 12 என்றால்தான் நிதானிக்க வேண்டும். அது பாசிட்டிவ் டிரிகராகவும் (12 வோல்ட் கொடுத்தால் வேலை செய்யும் வகை) இருக்கலாம், மோட்டாருக்கு நேரே போகும் ரிவர்ஸ் போலாரிட்டி வயராகவும் (பூட்டவும் திறக்கவும் பிளஸ்-மைனஸ் இடம் மாறும் வகை) இருக்கலாம். மீட்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். ஏறக்குறைய 0 ஓம் என்றால் மோட்டார் வயர், அது ஓய்வில் கிரவுண்டிலேயே நிற்கிறது. அதில் நேரே 12 வோல்ட் கொடுத்தால் ஷார்ட்தான். ஓம் அளவு அதைவிட மிக அதிகமாக இருந்தால் பாசிட்டிவ் டிரிகர்; முன்பு சொன்ன இணைப்பிலேயே என்.ஓ.வைக் கிரவுண்டுக்குப் பதிலாக ஃபியூஸ் வழியாக 12 வோல்ட்டுக்குக் கொடுத்தால் போதும்.

ரிவர்ஸ் போலாரிட்டியில் இரண்டு வயர்களையும் வெட்டித்தான் ஆக வேண்டும். மோட்டார் பக்க முனை காமனுக்கு, சுவிட்ச் பக்க முனை என்.சி.க்கு, என்.ஓ. 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட்டுக்கு. இங்கே மோட்டார் கரண்ட் முழுவதும் ரிலே வழியாகப் போவதால் 1.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். டிரிகர் வகைக்கு 0.5 போதும்.

அழுத்தும்போது 12-உம் இல்லை, 0-உம் இல்லை, நடுவில் ஏதோ ஒரு வோல்ட் வந்தால், ஒரே வயரில் ரெசிஸ்டர் வழியாக லாக்கும் அன்லாக்கும் போகிறது. சுவிட்ச்சின் ரெசிஸ்டன்ஸை அளந்து, அதே மதிப்புள்ள ரெசிஸ்டரை என்.ஓ. வயரில் தொடராகச் சேர்க்க வேண்டும். முறுக்கிய ஜோடி வயரில் 2.5 வோல்ட் அருகே தெரிந்தால் அது கேன் பஸ்ஸாக (காரின் மின்னணு யூனிட்டுகள் தமக்குள் தகவல் பரிமாறும் வயர்) இருக்கலாம். நேரே கை வைக்காமல் அதற்கான மாட்யூலைத்தான் போட வேண்டும்.

பல்ஸ் நேரத்தையும், அதாவது அலாரம் லாக்குக்கு ஒருமுறை மின்சாரம் கொடுக்கும் நேரத்தையும், பாருங்கள். மோட்டார் லாக்குக்கு அரை முதல் ஒரு விநாடி வரை போதும். பல அலாரங்களில் வேக்யூம் லாக்குக்கான (மோட்டாருக்குப் பதில் காற்றழுத்தத்தால் இயங்கும் லாக்) 3.5 விநாடி அமைப்பும் இருக்கும். அதை மோட்டாருக்கு விட்டால் ஒவ்வொரு முறையும் சூடேறி, சீக்கிரமே எரிந்துபோகும்.

கதவு சென்சார் வயரை உள்விளக்கின் டிலே யூனிட்டுக்குப் பின்னால் எடுத்தால், விளக்கு மங்கி அணைவதற்குள் அலாரம் கத்தும். நேரே கதவு சுவிட்ச்சிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் தனி வயர் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு 1என்4007 டையோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) வையுங்கள். நெகட்டிவ் சுவிட்ச்சுக்கு, கோடு போட்ட முனை சுவிட்ச் பக்கம். இண்டிகேட்டருக்கான இரண்டு வயர்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள், ஒரு பக்கம் போட்டால் இரண்டு பக்கமும் எரியும்.

இணைப்புகளை சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறைக்குழாய்) போடுங்கள். குத்திப் பிடிக்கும் கிளிப்புகள் அதிர்வில் தளர்ந்து, சில மாதங்களில் விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கும். எஞ்சின் கட்-ஆஃப் ரிலேயை ஸ்டார்ட்டர் வயரில் மட்டும் போடுங்கள். எரிபொருள் பம்ப்பில் போட்டால், ஒரு தளர்ந்த இணைப்பு ஓடும் வண்டியை நிறுத்திவிடும்.

சோதிக்கும்போது கண்ணாடியை இறக்கி, சாவியைக் கையில் வைத்திருங்கள். பூட்டியதும் உடனே திறந்துகொண்டால், டிரைவர் கதவின் ராடு முழுத் தூரம் போகவில்லை, அதன் சுவிட்ச் ‘பூட்டவில்லை’ என்று சொல்கிறது என்று பொருள். ராடை வளைத்துச் சரிசெய்யுங்கள். டிரைவர் கதவு மட்டும் அசையவே இல்லையென்றால் அதில் மோட்டாரே இல்லாமல் சுவிட்ச் மட்டும் இருக்கலாம். இரண்டு வயர் மோட்டார் ஒன்றைப் பொருத்தி, மற்ற கதவுகளின் மோட்டார் ஜோடியோடு சேருங்கள். கடைசியாக, வண்டியைப் பூட்டிக் கொஞ்ச நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராக வைத்து கரண்ட் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஏதோ ஒன்று உறங்காமல் இருக்கிறது.