இல்-18 மாடலை இல்-38 ஆக்குவது: காரைக்குடி வெயிலுக்கு ஏற்றபடி

1957-ல் முதலில் பறந்த சோவியத் இல்-18 (இல்யூஷின்) பயணிகள் விமானத்திலிருந்து பிறந்ததுதான் நம் கடற்படை 1977 முதல் 2023 வரை கோவாவில் வைத்திருந்த, நீர்மூழ்கிகளைத் தேடும் இல்-38. இல்-18 பிளாஸ்டிக் மாடலின் மூக்கடியில் ரேடார் புடைப்பும் வாலில் நீண்ட கொம்பும் ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் மாடல் கெடுகிறது.

கருவிகளின் எடை முன்பக்கம் ஏறியதால், அசலில் இறக்கையையே சுமார் 3 மீட்டர் முன்னே தள்ளினார்கள். 1:100 அளவில் அது 30 மி.மீ. இறக்கைக்கு முன்னால் உடலில் 30 மி.மீ. வளையம் ஒன்றை அறுத்தெடுத்து, இறக்கைக்குப் பின்னால் செருகுங்கள். மொத்த நீளம் மாறாது. உள்ளே பிளாஸ்டிக் பட்டை கொடுக்காமல் ஒட்டினால் மூட்டு விரியும்.

வட்ட ஜன்னல்களில் பெரும்பாலானவற்றை அடைக்க வேண்டும். பட்டியை (ஓட்டை நிரப்பும் பசையை) ஒரே பூச்சில் அப்பினால் காய்ந்ததும் குழி விழும். செட்டிநாட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல மெல்லிசாகப் பல பூச்சு. பிறகு 400, 800 எண் உப்புத்தாள், தண்ணீர் தொட்டு. முற்றத்து வெயிலில் காயவைக்காதீர்கள், பிளாஸ்டிக் நெளியும். வளவு (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) நிழலே போதும்.

சக்கரமும் இறக்கையோடு முன்னே போய்விடுவதால் மாடல் வாலில் உட்காரும். மூக்கை மூடுமுன் தூண்டில் ஈயக்குண்டு வையுங்கள்.

உளவு ரகமான இல்-20 வேண்டுமா? இறக்கையைத் தொடவே வேண்டாம். வயிற்றடியில் 10 செ.மீ. நீள ரேடார் கூடு ஒன்றுதான் பெரிய வேலை.