அபார்ட்மென்ட் பராமரிப்பை ஒரு கம்பெனியிடம் ஒப்படைப்பது எப்படி?

சென்னையில் எங்கள் குடியிருப்பில் 96 வீடுகள். மூன்று வருடம் பொருளாளராக இருந்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு "சார், தண்ணி வரல" என்று போன் வரும். லிஃப்ட் நின்றாலும் எனக்குத்தான், யாரோ வண்டியை மாற்றி நிறுத்தினாலும் எனக்குத்தான். கடைசியில் பொதுக்குழுவில் எல்லோரும் சேர்ந்து, "ஒரு ஃபெசிலிட்டி கம்பெனியைப் போட்டுவிடலாம்" என்றார்கள். போட்டோம். ஒன்பதே மாதத்தில் அனுப்பினோம். தப்பு பாதி எங்களுடையது. எத்தனை ஆள் வேண்டும் என்று பேசினோமே தவிர, என்னென்ன வேலை நடக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. இரண்டாவது தடவை செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சங்கத்தின் காகிதங்கள்

ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில்தான் போட வேண்டும், தலைவரின் பெயரில் அல்ல. அதற்குச் சங்கம் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழைய சங்கங்கள் பல 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் சங்கம் எதன் கீழ் வருகிறது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பான், வங்கிக் கணக்கு, கம்பெனி பில்லில் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட டான் எண், பொதுக்குழுத் தீர்மானம். இவ்வளவும் கையில் இருந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

படி 2: வேலைப் பட்டியல் எழுதுங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். நோட்டும் பேனாவுமாக மொட்டைமாடியில் ஆரம்பித்து பேஸ்மென்ட் வரை நடங்கள், எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு. கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை, செய்ததற்கு என்ன அடையாளம். "மேல்தொட்டி சுத்தம்" என்று மட்டும் எழுதினால் அது நடக்காது. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடித்த தேதியைத் தொட்டி மேல் பெயின்டில் எழுத வேண்டும்" என்று எழுதினால் நடக்கும். எங்கள் பட்டியல் நான்கு பக்கம் வந்தது.

எது கம்பெனியின் வேலை இல்லை என்பதையும் எழுதுங்கள். லிஃப்ட்டின் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) லிஃப்ட் கம்பெனியிடமே இருக்கும். ஃபெசிலிட்டி கம்பெனி அவர்களுக்குப் போன் செய்து பின்தொடர்ந்தால் போதும். வீட்டுக்குள் குழாய் ரிப்பேருக்குத் தனிக் காசா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை நடந்தது.

இன்னொன்று. செப்டிக் டேங்குக்குள்ளோ எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டிக்குள்ளோ ஆளை இறக்கக் கூடாது, இயந்திரம் கொண்டே சுத்தம் செய்ய வேண்டும் என்று தனி வரியாகப் போடுங்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "எப்பவும் இவர்தான் சார் இறங்குவார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 3: கொட்டேஷனைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பட்டியலைக் கொடுத்து மூன்று கம்பெனிகளிடமாவது கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்டு வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒவ்வொரு ஆளுக்கும் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், யூனிஃபார்ம், கம்பெனியின் சர்வீஸ் சார்ஜ் என்று பிரித்துத் தர வேண்டும்.

"நான்கு செக்யூரிட்டி" என்று போட்டிருப்பார்கள். நாமும் எந்த நேரமும் நான்கு பேர் நிற்பார்கள் என்று நினைத்துக்கொள்வோம். 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் பகலில் இரண்டு, இரவில் இரண்டு, அவ்வளவுதான். ஒரு கேட்டுக்கு வாரத்தில் 14 ஷிஃப்ட். வார விடுமுறை போக ஒருவர் பார்ப்பது ஆறு. ஆக, ஒரு கேட்டுக்கு இரண்டு பேர் போதாது, மாற்று ஆள் தேவை. அந்த மாற்று ஆள் கணக்கில் இல்லாவிட்டால், பகலில் நின்றவரே ராத்திரியும் நிற்பார், இரண்டு மணிக்கு நாற்காலியில் தூங்குவார். அவரைத் திட்டிப் பயனில்லை.

மற்றவர்களைவிட ரொம்பக் குறைத்துக் கேட்கிற கம்பெனியிடம், குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். செக்யூரிட்டி தருகிறவர்கள் என்றால் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், நகல் வாங்குங்கள்.

பில்லில் 18% ஜி.எஸ்.டி. சேரும். அதையும் சேர்த்துதான் வீட்டுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாத மெயின்டனன்ஸ் ஒருவருக்கு 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால், மெயின்டனன்ஸுக்கே ஜி.எஸ்.டி. வரும். 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: ஒப்பந்தம்

முதல் மூன்று மாதம் சோதனைக் காலம், 15 நாள் நோட்டீஸ். அதற்கப்புறம் 60 நாள். வராத ஆளுக்கு அன்றைய தொகை கழிக்கப்படும். வேலைப் பட்டியல் ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்கும். இது போதும்.

ஒரு ஷரத்தில் மட்டும் கவனம்: கம்பெனி போன பிறகு அவர்களுடைய ஆட்களை நீங்கள் ஒரு வருடம் வேலைக்கு வைக்கக் கூடாது என்று நடுவில் நுழைத்திருப்பார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருப்பவர். எந்த வால்வ் எந்த பிளாக்குக்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனி வருவதற்கு முன்பே இருந்த ஆட்களுக்கு இது பொருந்தாது என்று எழுதி வாங்கினோம்.

படி 5: பணம் உங்கள் கையில்

வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரத்தைக் கம்பெனியின் மேனேஜருக்குக் கொடுக்காதீர்கள். சில்லறைச் செலவுக்குப் பத்தாயிரம் முன்பணம், பில் காட்டினால் அடுத்த பத்தாயிரம். மைகேட் மாதிரி குடியிருப்பு நிர்வாக ஆப் பயன்படுத்தினால் அட்மின் லாகின் செயலாளரிடமும் இருக்கட்டும்.

மாத பில்லோடு முந்தைய மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் வர வேண்டும். சலானில் கம்பெனியின் எல்லா சைட்டுக்கும் சேர்த்து ஒரே தொகைதான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் தெரியாது. ஆட்களின் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். நம் கேட்டில் நிற்பவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: தண்ணீர் லாரியை அளந்து பாருங்கள்

கோடையில் எங்கள் செலவில் பெரும்பங்கு லாரித் தண்ணீருக்குத்தான். லாரி வந்தது என்று நோட்டில் கையெழுத்து இருக்கும். எவ்வளவு வந்தது?

எங்கள் சம்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) உள்ளளவு 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். பரப்பு 12 சதுர மீட்டர். ஒரு லாரியில் வருவதாகச் சொல்லும் 12,000 லிட்டர் என்பது 12 கன மீட்டர். ஆக, ஒரு லாரி கொட்டினால் மட்டம் சரியாக 1 மீட்டர் ஏற வேண்டும். சம்ப் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட் அடித்தோம். முதல் வாரமே ஒரு லாரிக்கு 82 செ.மீ.தான் ஏறியது; இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காணோம். "மோட்டார் ஓடியிருக்கும் சார்" என்றார் டிரைவர். கொட்டும்போது மோட்டார் ஓடினால் கணக்கு கெடும் என்பதால் பம்ப் ரூம் சாவியை அன்றைக்கு நானே வாங்கி வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். அடுத்த லாரியில் 98 செ.மீ. ஏறியது.

உங்கள் சம்பின் அளவு வேறாக இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, 12ஐ அதால் வகுத்தால் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று வந்துவிடும். ஜெனரேட்டருக்கும் இதே வழிதான்: ஊற்றிய டீசலை மீட்டர் காட்டும் ஓட்ட மணியால் வகுத்து, மாதத்துக்கு மாதம் ஒப்பிடுங்கள்.

படி 7: கம்பெனி மாறும் நாள்

முதல் கம்பெனி போனபோது வசூல் கணக்கெல்லாம் அவர்கள் மேனேஜரின் லேப்டாப்போடு போய்விட்டது. ரசீதுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். அதனால் இப்போது கணக்கு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு வந்துவிட வேண்டும். பழையவரும் புதியவரும் ஒரு வாரம் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். சாவிகள், வரைபடங்கள், வாரன்டி கார்டுகள், ஸ்டோர் ரூம் சரக்கு எல்லாவற்றையும் எண்ணி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் இரவு பொது இ.பி. மீட்டர், ஜெனரேட்டர் மணி மீட்டர், டீசல் மட்டம், சம்ப் கோடு என்று நான்கு படம் எடுத்து, புது மேனேஜருக்கும் பழைய மேனேஜருக்கும் ஒரே மெசேஜில் அனுப்பிவிடுங்கள்.