கழற்றத் தெரிந்தால் போதுமா? வீட்டில் கார் பழுது பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுப் பழைய இட்லித் தட்டு ஒன்று பல ஆண்டுகளாகக் கார் ஷெட்டில்தான் இருக்கிறது. கழற்றிய போல்ட்டுகளைக் குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே போட்டுவைக்க அதைவிடத் தோதான பாத்திரம் எனக்கு வாய்க்கவில்லை. அதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவைப்பேன். வேலை முடிந்து பானட்டை மூடிய பிறகு டப்பாவில் ஒரு போல்ட்டு மிஞ்சிக் கிடக்கும். அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே அலுவலகம் வரை வண்டி ஓட்டுவது இனிய அனுபவம் அல்ல.

நான் கற்றுக்கொண்டது ஒரு மாருதி 800-இல். 1983-இல் வெளிவந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். கற்றுக்குட்டிக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அந்த வண்டியில் நான் செய்த தவறுகளை இப்போது எண்ணிப்பார்த்தால் ஒன்று புரிகிறது. கழற்றும்போது நான் கெடுத்தது மிகக் குறைவு. பெரும்பாலானவை திரும்ப மாட்டும்போது நடந்தவை. கழற்றும்போது நமக்குப் பயம் இருக்கிறது, மெதுவாகப் போகிறோம். மாட்டும் நேரத்தில் வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது, பசியும் வந்துவிடுகிறது.

முதல் பாடம் ஆயில் மாற்றும்போது கிடைத்தது. ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினின் கீழே ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் திரும்பப் போட்டேன். ஒழுகக் கூடாதே என்ற கவலையில், ஸ்பானர் முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, இன்னொரு முறை ஓங்கி இறுக்கினேன். மூன்றாவது ஆயில் மாற்றத்தின்போது போல்ட்டோடு மரையும் சுருள் சுருளாக வெளியே வந்தது. தெருமுனைப் பட்டறைப் பெரியவரிடம் போனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்திருக்காமலேயே கேட்டார்: "சார், இதை இறுக்கியது யார்?"

சிறிய கார்களில் இந்தப் போல்ட்டுக்குக் கேட்கும் முறுக்கு விசை பொதுவாக 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 14 கிலோ எடை தொங்கினால் கிட்டத்தட்ட 35 நியூட்டன் மீட்டர். 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நானோ அரை மீட்டர் குழாய் போட்டு உடல் எடையில் பாதியைச் சாய்த்திருந்தேன். கணக்குப் போட்டால் நாலு மடங்குக்கும் மேல். ஒழுகலைத் தடுப்பது நம் பலம் அல்ல, போல்ட்டின் கழுத்தில் இருக்கும் மெல்லிய வாஷர். சில ரூபாய் விலையுள்ள அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டாலே ஒழுகாது. முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கக் கணக்குப் பார்க்கிறவர்கள், சம்ப் மாற்றும் செலவையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

அதே வேலையில் இன்னும் இரண்டு பள்ளங்கள் உண்டு. பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரைப் போட்டால் வளையத்தின் மேல் வளையம். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும். சில நொடிகளில் புது ஆயில் அத்தனையும் தரையில் இருக்கும். எனவே பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் பதிந்த இடத்திலிருந்து முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் போதும். இரண்டாவது, அளவு. 3.5 லிட்டர் கேன் வாங்கிவிட்டோம் என்பதற்காக 3.5 லிட்டரையும் ஊற்றக் கூடாது. அளவுக்கு மிஞ்சிய ஆயிலை, இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் மசகு வேலை செய்ய முடியாது. கையேட்டில் சொன்னதற்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் அளவுக்குச்சியைப் பாருங்கள். குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கூடிவிட்டால் மறுபடி அடியில் படுக்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக் மரையும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் கோபம் பெரியது. சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. கோணலாக ஏற்றினால் தோற்பது அலுமினியம்தான். முதல் சில சுற்றுகளுக்கு ஸ்பானரைத் தொடவே கூடாது. பிளக்கின் பின்புறம் ஒரு துண்டு ரப்பர் ட்யூபைச் செருகி, முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று சிறிதாக இறங்கும் இடம் வரும். அங்கிருந்து முன்னோக்கித் திருப்பினால் மரை தானாகப் பிடித்துக்கொள்ளும். கோணலாக இருந்தால் ரப்பர் வழுக்கிவிடும், மரைக்குச் சேதம் வராது. இதைச் சொல்லிக்கொடுத்தவரும் அந்தப் பெரியவர்தான்.

பிரேக் விஷயத்தில் நான் செய்ததை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். முன்சக்கரங்களுக்குப் புது பேட் மாட்டினேன். பழைய பேட் தேய்ந்து மெலிந்திருக்கும் என்பதால், தடித்த புதியதற்கு இடம் வேண்டி, பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தினேன். பேட் போட்டேன், சக்கரம் மாட்டினேன், ஸ்டார்ட் செய்து வாசலை நோக்கி நகர்த்தினேன். பெடலை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போனது. உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும் தூரத்துக்குத் திரும்பி வந்திருக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், துளசி மாடத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. பேட் மாற்றியதும் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே பெடல் கெட்டியாகும்வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு மிதிகளில் முடிகிற வேலை.

பிரேக் ஆயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரில் ஆயில் இருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலோ வேறு எந்த எண்ணெயோ அதில் சேர்ந்தால் ரப்பர் சீல்கள் அத்தனையும் உப்பிப் போகும். பிறகு அந்தத் தொகுதியையே மாற்ற வேண்டியதுதான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவமும்கூட. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏற்காடு, கொடைக்கானல் இறக்கங்களில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினை. போன வருடம் திறந்த பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரித்துவிடும்.

பேட்டரியில் வரிசைதான் எல்லாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க நெகட்டிவ்வோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கையில் பாசிட்டிவ் முனையைத் திருகும் ஸ்பானர் பக்கத்து இரும்பைத் தொட்டால் வெல்டிங் பட்டறைதான். மோதிரத்தையும் கைக்காப்பையும் கழற்றிவைத்துவிட்டுத் தொடுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியருக்கு மாற்று ஃபியூஸ் போடுங்கள். 15 ஆம்பியர் இடத்தில் 30 போடுவதும், செம்புக் கம்பி சுற்றுவதும், ஃபியூஸுக்குப் பதிலாக வயரை எரியவிடும் ஏற்பாடு.

இனி, மாட்டாமலேயே விடும் தவறு ஒன்று. இதைச் செய்பவர்களில் மெக்கானிக்குகளும் உண்டு என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. இன்ஜின் சூடாகிறது என்று போனால், ரேடியேட்டருக்குப் போகும் நீரைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, "நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார், குளிர் நாட்டுக்காரனுக்கு வைத்தது" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஜினுக்குச் சென்னை வெயில் பெரிய கணக்கே இல்லை. 40 டிகிரி வெயிலிலும், 80 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய இன்ஜினைப் பொறுத்தவரை ரேடியேட்டரில் இருப்பது குளிர்ந்த நீர்தான். பல கார்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை நீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டு விரைவாகச் சூடேற்றும். அது இல்லாவிட்டால் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாதபோது நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியம் சூட்டைக் கூட்டும். பழைய தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதியது போடுங்கள். கெட்டதா என்று அறிய அடுப்பில் ஒரு பாத்திரம் நீரும் ஒரு வெப்பமானியும் போதும். கொதிக்கும் முன் அது வாய் திறக்க வேண்டும். பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது, அது வேறு.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதும் இதோடு சேர்ந்ததே. வீட்டுக் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கூலன்ட் வாங்கும்போது அது கலந்தே வருவதா, காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டியதா என்று டப்பாவைப் படித்துப் பாருங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்தால் உள்ளே நீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணமே அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்துக்கு வரும். சிந்திய கூலன்ட்டைத் துடைத்துவிடுங்கள். அது இனிக்கும், நாய் பூனைகள் நக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

மேலே சொன்ன எதுவும் ஜாக்கி விஷயத்துக்குப் பக்கத்தில்கூட வராது. காரோடு தரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும் உரியது. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். செங்கல் அடுக்குவதும் ஹாலோ பிளாக் வைப்பதும் அதைவிட மோசம்; அவை வளைந்து எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் நொறுங்கும். உறுதியான தரை, எதிர்ப்புறச் சக்கரங்களுக்குக் கட்டை, கையேடு காட்டும் இடங்களில் இரண்டு இரும்பு ஸ்டாண்டு. இவற்றோடு, கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுவேன். ஸ்டாண்டு சறுக்கினாலும் வண்டி அதன் மேல் உட்காரும். சக்கரத்தை மாட்டும்போது நட்டின் கூம்பு முகம் உள்பக்கம் இருக்கட்டும், எதிரெதிராக இறுக்குங்கள், கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் பதிந்த பிறகு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வண்டி முங்க நின்ற வெள்ளம் வடிந்ததும் பலர் செய்த முதல் வேலை சாவியைத் திருகிப் பார்த்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. காற்றைப் போல அது சுருங்காது. வளைவது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட். ஓடிக்கொண்டிருக்கலாம் என்றிருந்த இன்ஜின் அந்த ஒரு திருகலில் போய்விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

ஏர்பேக்கின் மஞ்சள் வயர்கள், மின்சார, ஹைப்ரிட் கார்களின் ஆரஞ்சு வயர்கள், ஏசி கேஸ், டைமிங் பெல்ட் ஆகியவற்றை நான் தொடுவதில்லை. இட்லித் தட்டு அவற்றுக்குப் போதாது. வேலையை ஞாயிற்றுக்கிழமை மாலை தொடங்குவதையும் நிறுத்திவிட்டேன். பாதிக் கழற்றிய நிலையில் ஒரு வாஷர் இல்லை என்று தெரியும்போது எங்கள் பகுதியில் உதிரிபாகக் கடை எதுவும் திறந்திருக்காது. அப்போதுதான் பழையதையே போட்டு, குழாய் வைத்து இறுக்கத் தோன்றும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. எங்கள் பக்கத்துச் சாக்கடை ஏரியில்தான் போய் முடிகிறது. நான் அதைப் பழைய கேனில் அடைத்து அந்தப் பட்டறைக்கே கொண்டுபோவேன். பெரியவர் தன் பீப்பாயில் கொட்டுவதற்கு முன் இரண்டு விரலில் கொஞ்சம் தொட்டு, வெயிலில் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். பேரிங் தேய்ந்திருந்தால் அதில் உலோகத் தூள் மினுக்கும். சென்ற முறையும் பார்த்தார். "மினுக்கு இல்லை சார்" என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டவர், "வாஷர் புதிது போட்டீர்களா?" என்றார்.