பாம்பன் பாலம் ஏறாத அம்பாசடர்: கம்ப்ரஷன் பார்ப்பது எப்படி

மண்டபம் ஊரில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோடு சமதரைதான். மேடு என்று ஒன்று ஏறவேண்டும் என்றால் பாம்பன் பாலம் ஒன்றுதான். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வண்டிக்குக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்துகொண்டே வந்தாலும் மாதக்கணக்கில் தெரியாது. என் 1984 அம்பாசடர் மார்க் 4, நாலு மாதம் கொட்டகையில் சும்மா நின்றபிறகு, அந்தப் பாலத்தின் நடு ஏற்றத்தில் மூன்றாவது கியரிலும் இழுக்கவில்லை. ஐடிலில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தது. காட்டிய பட்டறையில் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "போர் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். போர் என்றால் சிலிண்டரின் உள்சுவர். கம்ப்ரஷனை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கவே இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பார்த்தேன்.

முதலில் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, பாருங்கள். டேப்பெட் இறுக்கமாக இருந்தால் வால்வ் முழுசாக மூடாது. கேஜ் குறைவாகத்தான் காட்டும், நாமும் பிஸ்டனைச் சுற்றியுள்ள நல்ல ரிங்கைப் பழி சொல்லுவோம். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் எட்டு வால்வ். இதற்கு ஒன்பது கணக்கு உண்டு: எட்டாவது வால்வ் முழுசாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி அளவை வண்டிக் கையேட்டில் பார்த்து, மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ் விட்டு வையுங்கள்.

அப்புறம் வண்டியை ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றுங்கள். சோதிக்கும் சிலிண்டரின் பிளக்கை மட்டும் கழற்றினால் செல்ஃப் திணறும், அளவு தப்பாகும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் வயரைப் பிடுங்கிவிடுவது கட்டாயம். பிளக் ஓட்டைகள் வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், அங்கே ஒரு பொறி விழக்கூடாது. பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ரப்பர் மூக்கு வைத்து அழுத்தும் கேஜை விட, மரையில் முறுக்கி மாட்டும் கேஜ்தான் நம்பகமானது. உள்ளே ஒரு ஆள் ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கட்டும். கார்ப்பரேட்டரின் காற்று வழி மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது, நாலு சிலிண்டரும் பாதி செத்ததுபோல் காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறேழு அடி, முள் நிற்கும்வரை. முதல் அடியில் முள் எவ்வளவு எழும்பியது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் அடியில் கொஞ்சமாக எழுந்து, பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் ரிங் கோளாறு. முதலிலும் குறைவு, கடைசிவரையும் குறைவு என்றால் வால்வ் மேல் சந்தேகம்.

என் வண்டியில் கிடைத்தது: 120, 116, 70, 118 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு). எண் எவ்வளவு என்பதை விட நாலும் ஒத்துப்போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். நாலும் ஒன்றுபோல் 110 காட்டும் இன்ஜின் இன்னும் பல வருடம் ஓடும். ஒன்று மட்டும் மற்றதை விட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே கோளாறு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) பிய்ந்திருக்கும்.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். அதிகம் விட்டால் அந்த ஆயிலே இடத்தை அடைத்து அளவை ஏற்றிக் காட்டும். அம்பாசடரில் பிளக் ஓட்டை பக்கவாட்டில் இருப்பதால் ஆயில் பிஸ்டனின் ஒரு ஓரத்தில் தங்கிவிடும். கேஜ் மாட்டும் முன் இரண்டு மூன்று சுற்று சுற்றவிடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது கேஸ்கெட். எனக்கு 70 இல் இருந்து 74 க்குத்தான் வந்தது. போர் நல்லபடி இருக்கிறது என்று அப்போதே மனசு லேசானது.

அடுத்து காற்றுச் சோதனை. இதற்குப் பஞ்சர் கடை கம்ப்ரசரே போதும். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதில் ஒரு குழாயைப் பற்றவைத்து வாங்கிக்கொண்டேன். அந்தச் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் ஆடும் இடத்தில், பிஸ்டன் மேலே வந்து நிற்க வேண்டும். டாப் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். காற்று பிஸ்டனைத் தள்ளினால் ஹேண்டில் சுழன்று கையை உடைத்துவிடும். இப்போது காற்றைக் கொடுத்துவிட்டுக் காதை வையுங்கள். கார்ப்பரேட்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வ். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பலமாக வருகிறதா, ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

எனக்குச் சைலன்சரில் சீறியது. ஹெட்டை மட்டும் கழற்றினேன். இன்ஜினை இறக்க வேண்டிய வேலையே இல்லை. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடத்தில் துருப் புள்ளிகள். காரணம் இந்தக் கடல்தான். நாலு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு எக்ஸாஸ்ட் வால்வ் திறந்தே இருக்கும். சைலன்சர் வழியாக உப்புக் காற்று அதுவரை போய்விடும். கிரைண்டிங் பேஸ்ட் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்து உட்காரவைத்தேன். மாட்டிப் பார்த்தபோது 117.

ஆயில் விட்டு அளவு ஏறியவர்களும் உடனே பிரிக்க வேண்டாம். ரொம்ப நாள் நின்ற வண்டியில் ரிங் பள்ளத்தில் ஒட்டியிருக்கலாம். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். பிளக் மாட்டும் முன் செல்ஃப் அடித்து அதை முழுக்க வெளியேற்றுங்கள், இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளையும். ஆயிலை மாற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி கேஜ் வையுங்கள்.

இப்போது வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் என்றால், சைலன்சர் வாயில் ஆயில் துணியைச் சுருட்டி அடைத்து, எடுக்க மறக்காமல் இருக்க ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.