பாசிப்பயறு வேரில் முடிச்சு வளர்த்துப் பார்ப்போம்: பாக்டீரியா காட்டும் சர்க்கரை அடையாளம்

பாசிப்பயறுச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் உருண்டைகள் ஒட்டியிருக்கும். நோய் என்று நினைத்துக் குப்பையில் எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை வேர் முடிச்சுகள். உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் வகை பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கிறது. செடி அதற்குச் சோறு போடுகிறது. இவ்வளவும் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் கிருமி என்றாலே கதவைச் சாத்திக்கொள்ளும் வேர், இந்தக் கிருமியை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது? பாக்டீரியா தன் மேல் சுமந்துவரும் சர்க்கரைகளைப் பார்த்துத்தான். இரண்டு தொட்டியும் ஒரு மாதப் பொறுமையும் இருந்தால் இந்தக் கூட்டணியை வீட்டிலேயே வளர்த்துப் பார்க்கலாம்.

தேவையானவை: இரண்டு தொட்டிகள், ஆற்று மணல், செம்மண், ஒரு கைப்பிடி முழுப் பாசிப்பயறு (மருந்து கலந்த விதை வேண்டாம்), ரைசோபியம் உயிர் உரப் பொட்டலம், கொஞ்சம் அரிசிக் கஞ்சி, பிளேடு, பூதக்கண்ணாடி.

பொட்டலத்தில் எந்தப் பயிருக்கு என்று அச்சிட்டிருக்கும். பயறு வகைக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். சோயாவுக்கானது பாசிப்பயறுக்குச் சரிவரும் என்று நம்ப முடியாது. காரணம் நான்காம் படியில் வருகிறது.

படி 1: மண்

மணலையும் செம்மண்ணையும் சரிபாதி கலந்து, கொதிக்கும் நீரை இரண்டு முறை ஊற்றி ஆறவிடுங்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா இதனால் முழுவதும் போய்விடாது, குறையும். நமக்கு அது போதும்.

படி 2: விதை நேர்த்தி

கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதல் தடவை நான் அவசரப்பட்டு, ஆவி பறக்கும் கஞ்சியிலேயே பொட்டலத்தைக் கொட்டிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வேரைக் கழுவினால் வெறும் வேர்தான் இருந்தது. பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள சரக்கு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆறிய கஞ்சி ஒரு தேக்கரண்டி, உயிர் உரம் ஒரு தேக்கரண்டி. விதையைப் போட்டுப் புரட்டினால் ஒவ்வொரு பயறும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். கால் மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள், வெயில் ஆகாது.

கஞ்சியிலுள்ள மாவுச்சத்து வெறும் பசை. அதை வேர் கண்டுகொள்வதில்லை. பாக்டீரியா தானே ஒரு பசை சுரக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். ஆய்வகத்தில் தட்டில் வளர்ந்த ரைசோபியத்தைக் கம்பியால் தொட்டு இழுத்தால், நறுக்கிய வெண்டைக்காய்போல நூல் நூலாக வரும். அந்தக் கொழகொழப்பு முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள், எக்ஸோபாலிசாக்கரைடு என்பார்கள். பாக்டீரியாவை உலர்ந்துபோகாமல் காப்பதும் அதுவே.

படி 3: விதைப்பு

நேர்த்தி செய்யாத விதையை முதலில் ஒரு தொட்டியில் ஊன்றுங்கள், கறுத்த விதையைப் பிறகு அடுத்ததில். வரிசை மாறினால் கைவழியே பாக்டீரியா இடம் மாறிவிடும். யூரியா மட்டும் போடாதீர்கள். தழைச்சத்து கையில் கிடைக்கும்போது செடி எதற்குக் குடித்தனக்காரரைத் தேடப்போகிறது?

படி 4: காத்திருக்கும்போது மண்ணுக்குள் நடப்பது

மிஞ்சிய விதையில் நாலைந்தை ஈரத்துணியில் முளைக்கவிட்டு மூன்றாம் நாள் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வேரில் பூனைமயிர்போலத் தூவிகள் தெரியும். பேச்சுவார்த்தை நடக்கும் வாசல் அதுதான்.

வேர் கசியவிடும் ஃபிளாவனாய்டு என்ற வேதிப்பொருள்களை உணர்ந்ததும் பாக்டீரியா ‘நாட் காரணி’ என்ற சிறு மூலக்கூறை அனுப்புகிறது. இறால் ஓட்டிலும் பூஞ்சையின் சுவரிலும் இருக்கும் கைட்டினின் அதே சர்க்கரை மணிகள், பெரும்பாலும் நான்கோ ஐந்தோ, ஒரு நுனியில் கொழுப்பு அமில வால். லூசர்ன் எனப்படும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் முடிச்சிடும் பாக்டீரியாவில் இதன் அமைப்பை 1990இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எனக்கு வியப்பு இங்கேதான்: வால் இல்லாத நீண்ட கைட்டின் துண்டு வந்தால், பூஞ்சை வந்துவிட்டது என்று செடி சண்டைக்குத் தயாராகும். வாலும் சில சின்ன ஒட்டு அலங்காரங்களும் இருந்தால் வரவேற்கும். அந்த அலங்காரம் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா மாறும். பொட்டலத்தில் பயிரின் பெயர் பார்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

நாட் காரணி மிக மிகச் சொற்பமாக, லிட்டருக்கு ஒரு நானோமோலுக்கும் (மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு) குறைவாக இருந்தாலே போதும். வேர்த்தூவி ஆடு மேய்ப்பவர் தொரட்டிபோல வளைந்து பாக்டீரியாவைச் சுருட்டிப் பிடிக்கும். பிறகு அந்தத் தூவிக்குள் ஒரு குழாய் உருவாகி, அதன் வழியே பாக்டீரியா உள்ளே இறங்கும்.

ஆனால் குழாயிலும் சோதனை உண்டு. குதிரைமசால் பாக்டீரியாவின் பசையில் எட்டுச் சர்க்கரை கொண்ட கட்டு, ஏழு குளுக்கோஸ் ஒரு கேலக்டோஸ், திரும்பத் திரும்பக் கோத்திருக்கும். 1980களில் அந்தப் பசையைச் சுரக்க முடியாத பாக்டீரியாவைச் செடியோடு சேர்த்துப் பார்த்தார்கள். முடிச்சு வந்தது, உள்ளே ஆள் இல்லை. இந்தப் பசையைத் தொட்டறியும் ஏற்பி ஒன்றை, லோட்டஸ் ஜப்போனிகஸ் என்ற பயறினச் செடியில் 2015இல் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற, கொழுப்போடு இணைந்த சர்க்கரைச் சங்கிலிக்கும் இதில் பங்குண்டு. தொடக்கநிலையில் அதை விட்டுவிடலாம்.

படி 5: அறுவடை

பூக்கத் தொடங்கும் சமயம், ஏறக்குறைய 30 முதல் 35 நாளில், தொட்டியை வாளித் தண்ணீரில் ஊறவிட்டுச் செடியை மெல்ல எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும்.

பெரிய முடிச்சொன்றைப் பிளேடால் நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்திலுள்ளதற்கு உறவுக்காரன். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, அதனால் ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் பொறுப்பு இதற்கு. வெளுத்திருந்தால் முடிச்சு இன்னும் பிஞ்சு, அல்லது உதவாத பாக்டீரியா. பச்சையானால் வயதாகிவிட்டது. நேர்த்தி செய்யாத தொட்டியிலும் சில முடிச்சுகள் இருக்கலாம், கொதிநீருக்குத் தப்பியவை. எண்ணிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

அடுத்து நிலக்கடலையில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அங்கே தூவி வளைவதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பக்கவேர் முளைக்கும் வெடிப்பு வழியாகவே பாக்டீரியா நுழைகிறது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு எடுக்கும் நெட்டிச் செடியின் பேரினத்தில் இன்னொரு விசித்திரம். அதில் சில செடிகளோடு வாழும் இரண்டு பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதியை 2007இல் படித்தபோது, நாட் காரணி செய்யத் தேவையான மரபணுக்களே அவற்றில் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் முடிச்சு விழுகிறது, தண்டிலும்கூட. அந்த விதை கைக்கு வந்ததும் மூன்றாவதாக ஒரு தொட்டி வைப்பதாக இருக்கிறேன்.